அற்பத் தொகைக்கும் ஹக்கு உண்டா?

ஒருவருக்கு உரிய தொகை மிகச் சிறியது என்ற ஒரே காரணத்தைக் காட்டி, அதை அவர் எடுத்துச் செலவழிக்க முடியாமல் தடுப்பது நியாயமாகுமா? ஆகாது என்று யோசிக்காமலே சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சிறிய தொகையைத் தூக்கிச் சுமக்கிற பாரம், கொடுக்கல் வாங்கலில் சம்பந்தமே இல்லாத, கூலி ஒரு காசும் பெறாத ஆயிரக்கணக்கானவர்களின் தலையில் விழுகிறது என்று வைத்துக் கொள்வோம். அப்போதும் அதே பதிலைச் சொல்ல முடியுமா?

இது கற்பனையாகக் கிளப்பிய கேள்வி அன்று. பிட்காயின் என்னும் கணினிப் பணத்தில் 2013-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்து வருகிற ஒரு விதியைப் பற்றியது. இன்ன அளவுக்குக் குறைந்த தொகையை ஒருவர் பெயருக்குத் தனியாக எழுதி அனுப்பினால், வலையமைப்பில் உள்ள கணினிகள் அதை வாங்கி அடுத்த கணினிக்குக் கொடுக்க மாட்டா. அத்தகைய தொகைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘தூசு’. பெயரிலேயே தீர்ப்பும் அடங்கிவிட்டது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பணத்தை வைத்திருப்பதும் வாங்கி விற்பதும் கூடுமா, கூடாதா என்பது தனி மஸ்அலா. எகிப்தின் தாருல் இஃப்தா 2018 ஜனவரியில் கூடாது என்றது. இந்தோனேசியாவின் உலமா சபை 2021 நவம்பரில், நாணயமாக அதைப் பயன்படுத்துவது ஹராம் என்றது. மலேசியாவின் பங்குச் சந்தை ஆணையத்துடைய ஷரீஅத் ஆலோசனைக் குழுவோ 2020-ல், பதிவு பெற்ற சந்தைகளில் வாங்கி விற்கலாம் என்றது. அந்தக் கருத்து வேறுபாட்டுக்குள் இங்கே நாம் நுழையவில்லை. கூடாது என்போருங்கூட, உலகில் கோடிக்கணக்கான பேர் கையாளும் ஒன்றில் சிறியவனுக்கு அநீதி நடக்கிறதா இல்லையா என்று கேட்பதில் தடையில்லை அல்லவா?

முதலில் அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும். பலர் இதை வங்கிப் பாஸ் புத்தகம் போல எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். வரவு ஏறும், செலவு இறங்கும், மீதி ஒரு தொகையாக நிற்கும் என்பது அவர்கள் எண்ணம். அப்படியல்ல. இதில் வந்த தொகைகள் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை. ஒரு பிட்காயினைப் பத்துக் கோடிக் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறுக்கு சடோஷி என்று பெயர். உங்களுக்கு ஒருவர் 20,000 சடோஷியும் இன்னொருவர் 5,000 சடோஷியும் அனுப்பினால், உங்களிடம் இருப்பது 25,000 என்ற ஒரே தொகையன்று. 20,000-க்கு ஒரு சீட்டு, 5,000-க்கு ஒரு சீட்டு, ஆக இரண்டு சீட்டுகள். 8,000 கொடுக்க வேண்டுமென்றால் 20,000 சீட்டை முழுதாக உடைத்து, 8,000-க்கு அவருக்கு ஒரு புதுச் சீட்டும், கட்டணம் போக மீதிக்கு உங்களுக்கே ஒரு புதுச் சீட்டும் எழுத வேண்டும். பழைய சீட்டு அத்துடன் செத்துப் போகிறது.

உலகில் உயிரோடிருக்கும் ஒவ்வொரு சீட்டையும், வலையமைப்பைச் சரிபார்க்கும் ஒவ்வொரு கணினியும் தன் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் நாளை ஒருவர் வந்து, “இந்தச் சீட்டு என்னுடையது, உடைக்கிறேன்” என்று சொன்னால், அது உள்ளதா, முன்பே உடைபட்டதா என்று உடனே பார்த்தாக வேண்டும். சீட்டு செலவாகும் வரை பட்டியலிலிருந்து அதை நீக்க வழியில்லை. பத்து வருஷமானாலும் சரி, நூறு வருஷமானாலும் சரி.

கட்டணம் விஷயத்திலும் ஒரு வினோதம் உண்டு. தொகையைப் பார்த்துக் கட்டணம் இல்லை. எழுதப் பிடிக்கும் இடத்தைப் பார்த்துத்தான் கட்டணம். சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கணக்கேட்டில் ஒரு பக்கம் சேர்கிறது. பக்கத்தில் இடம் குறைவு, காத்திருப்போர் அதிகம். பழைய முறைச் சீட்டு ஒன்றை உடைக்க 148 பைட் இடம் பிடிக்கும். அந்தச் சீட்டில் 500 சடோஷி இருந்தாலும், 500 பிட்காயின் இருந்தாலும் அதே 148 பைட்தான். பணக்காரனுக்குக் கட்டணம் கண்ணுக்கே தெரியாது. ஏழைக்கு அது அவன் முதலையே விழுங்கும்.

அந்தக் கட்டணம் யாருக்குப் போகிறது? பக்கத்தை எழுதிச் சேர்ப்பவர்களுக்கு. அவர்களை மைனர் என்கிறார்கள். (மைனர் என்றால் நம் பக்கத்தில் வாப்பா தேடி வைத்த சொத்தை அழித்துத் திரியும் பிள்ளை என்று பொருள், இவர்கள் அவர்களல்லர், பெரும் மின்சாரச் செலவு செய்து உழைப்பவர்கள்.) ஆனால் சீட்டுப் பட்டியலைக் காலமெல்லாம் காத்துச் சரிபார்த்து வரும் மற்றக் கணினிக்காரர்களுக்குக் கட்டணத்தில் பங்கு கிடையாது. வட்டுக்கும் மின்சாரத்துக்கும் தம் கைப்பணத்தைச் செலவிட்டு அவர்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள். கூலி ஒருவருக்கு, சுமை வேறொருவருக்கு. நமது கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இதை மறந்துவிட்டு, “சிறியவனை ஒதுக்குகிறார்கள்” என்று மட்டும் பேசினால் பாதி நியாயம் பேசியதாகத்தான் ஆகும்.

இந்த முடிச்சு இறுகியது ஒரு சூதாட்டத்தினால். 2012-ல் சடோஷி டைஸ் என்றொரு பந்தயச் சூது தொடங்கிற்று. பந்தயம் கட்டினால் வென்றவனுக்குப் பணம் திரும்பும். தோற்றவனுக்கு, “நீ தோற்றாய்” என்று தெரிவிக்க ஓர் அற்பத் தொகையை அனுப்பி வைப்பார்கள். ஒரு சடோஷிகூட அனுப்பியதுண்டு. ஒரு செய்தியைச் சொல்ல உலகமெல்லாம் நினைவில் வைக்க வேண்டிய ஒரு சீட்டு! அந்தச் சீட்டை உடைக்கும் செலவு அதன் மதிப்பைப் போலப் பல மடங்கு என்பதால், வாங்கியவன் அதை ஒருநாளும் உடைக்கப் போவதில்லை. சூதாடித் தோற்றவனின் கணக்கை, சூதாடாதவன் தன் வீட்டில் காலமெல்லாம் சுமந்தான். சூதின் தீங்கு ஆடுபவனோடு நிற்பதில்லை என்று நம் பெரியோர்கள் சொல்லிவந்ததற்கு இப்படி ஒரு விளக்கம் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

2013 மே மாதம் வெளியான மென்பொருளில் முதன்முதலாக எல்லை வைத்தார்கள். 5,430 சடோஷிக்குக் குறைந்த சீட்டைக் கணினிகள் எடுத்துக் கடத்தா. அன்றைய விலைக்கு அது ஒரு அமெரிக்கச் சென்ட்டுக்கும் குறைவு. 2014-ல் கடத்துவதற்கான குறைந்தபட்சக் கட்டணத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தபோது, எல்லையும் பத்தில் ஒன்றாகி 546-க்கு வந்தது. 2015 அக்டோபரில் வெட்டிப் பரிவர்த்தனைகள் வெள்ளமாகப் புகுந்தபோது கட்டணத்தை ஐந்து மடங்காக்கினார்கள். எல்லையும் அதனோடு ஏறி, 2016 பிப்ரவரியில் பழையபடி இறங்கிற்று.

546 என்பது குருட்டாம்போக்கில் வைத்த எண்ணன்று. ஒரு சீட்டை எழுத 34 பைட், பிறகு அதை உடைக்க 148 பைட், ஆக 182. பைட்டுக்கு ஒரு சடோஷி கட்டணம் என்றால் 182 சடோஷி. இந்தச் செலவு சீட்டின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டால் அது தூசு என்று வைத்துக் கொண்டார்கள். 182-ஐ மூன்றால் பெருக்கினால் 546. பின்னர் வந்த புதுமுறைச் சீட்டுகள் உடைக்கும்போது குறைந்த இடம் பிடிப்பதால், அவற்றின் ஒரு வகைக்கு 294, இன்னொரு வகைக்கு 330 என எல்லை குறைந்தது. ஆகப் பணத்தின் அளவைக் கண்டு இகழ்ந்து வைத்த எல்லை இதுவன்று. செலவுக்கும் பெறுமதிக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து வைத்தது.

இதற்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. தொகையே இல்லாத, சைபர் சடோஷி கொண்ட ஒரு சீட்டு வகை உண்டு. இதை ஒருவரும் ஒருக்காலும் உடைக்க முடியாது என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கும். அதைக் கணினிகள் தடையின்றிக் கடத்துகின்றன. காரணம், உடைக்க முடியாதது உறுதியென்றால் பட்டியலில் அதை வைக்கத் தேவையில்லை. சைபரை வாங்குகிறார்கள், 500-ஐ மறுக்கிறார்கள்! மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். பாரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பவருக்குத்தான் அதன் நேர்மை விளங்கும்.

சரி, இது உரிமையைப் பறிப்பதாகுமா? இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 546-க்குக் குறைந்த சீட்டு செல்லாது என்று அந்த வலையமைப்பின் மூலச் சட்டம் சொல்லவில்லை. ஒரு மைனர் தாமே அதைத் தம் பக்கத்தில் எழுதிவிட்டால், எல்லாக் கணினிகளும் மறுபேச்சின்றி ஏற்றாக வேண்டும். எல்லை வருவதற்கு முன் எழுதப்பட்ட ஒரு சடோஷிச் சீட்டுகள் இன்றும் உடையவர்களின் பெயரில் உயிரோடு இருக்கின்றன. அவற்றை யாரும் அழிக்கவில்லை. மறுப்பதெல்லாம் கடத்துவதைத்தான். “உன் பொருள் உன்னுடையதே, ஆனால் அதை நான் தூக்க மாட்டேன்” என்று ஒரு கூலி வாங்காத சுமைகாரர் சொல்வது போன்றது.

நமது ஃபிக்ஹு நூல்களைப் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. திருட்டுக்குரிய கடுமையான தண்டனைக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் கால் தீனார், ஹனஃபி மத்ஹபில் பத்து திர்ஹம். அதற்குக் குறைந்த பொருளைத் திருடினால் அந்தத் தண்டனை இல்லை. ஆகவே அதற்குக் குறைந்ததைத் திருடுவது கூடும் என்று எந்த இமாமாவது சொன்னாரா? இல்லை. பொருளைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும், பாவமும் பாவம்தான். செயலில் இறங்குவதற்கு ஓர் எல்லை இருப்பது வேறு, உரிமைக்கே ஓர் எல்லை இருப்பது வேறு. நீதிமன்றமோ சுமைகாரரோ கணினியோ, “இதற்குக் கீழே நான் கையிடேன்” என்று சொல்லலாம். “இதற்குக் கீழே உனக்கு ஹக்கே இல்லை” என்று சொல்ல அவர்களில் ஒருவருக்கும் அதிகாரம் இல்லை.

இந்த அளவில் நாம் கணினிக்காரர்கள் பக்கமே நிற்கிறோம். ஆனால் விஷயம் இதோடு முடியவில்லை.

ஒரு சுமைகாரர் மறுத்தால் அடுத்தவரிடம் போகலாம். ஊரிலுள்ள சுமைகாரர் அத்தனை பேரும் ஒரே எண்ணைச் சொல்லி மறுத்தால் எங்கே போவது? வலையமைப்பில் மிகப் பெரும்பாலான கணினிகளில் ஓடுவது பிட்காயின் கோர் என்னும் ஒரே மென்பொருள். எல்லையை மாற்றிக் கொள்ள அதில் இடமிருக்கிறது. ஆனால் வந்தபடியே வைத்துக் கொள்வதுதான் மனித இயல்பு. ஆக, ஆயிரக்கணக்கானோர் தனித்தனியே யோசித்து எடுத்த முடிவு போலத் தோன்றுவது, உண்மையில் மென்பொருளை எழுதும் சிலர் ஒரு வரியில் இட்ட எண். அவர்கள் அரசாங்கமல்லர், அவர்களுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. “நாங்கள் சட்டம் போடவில்லை, இது வெறும் வழக்கம், வேண்டாமென்றால் மாற்றிக் கொள்ளுங்கள்” என்று அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் பலரும் மாற்ற மாட்டார்கள் என்று தெரிந்தே எண்ணை இடுபவருக்கு, அந்த எண்ணால் வரும் விளைவிலும் பங்கு உண்டு. பெரும் கூட்டத்துக்கு முன்னால் தொழுவிக்கும் இமாம் நீண்ட ஸூரா ஓதினால், பின்னால் நிற்கும் வயோதிகரின் கால்வலிக்கு, “விருப்பமில்லாதவர் தனியாகத் தொழுதிருக்கலாமே” என்பது பதிலாகுமா?

இனி, ‘அற்பம்’ என்பது யாருக்கு அற்பம் என்று கேட்க வேண்டும். 546 சடோஷி 2014-ல் ஒரு சென்ட்டில் பாதிகூட இல்லை. 2024 டிசம்பரில் ஒரு பிட்காயின் முதன்முறையாக ஒரு லட்சம் டாலரைத் தாண்டியபோது, அதே 546 சடோஷி அரை டாலருக்கு மேல். எண் அசையவில்லை, அதன் பெறுமதி நூறு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. நியூயார்க்கில் அரை டாலரைக் கீழே போட்டுவிட்டுப் போவோர் உண்டு. உலகின் எத்தனையோ ஊர்களில் அது ஒரு வேளைச் சாப்பாடு. “இந்த எல்லை மதிப்பைப் பார்த்து வைத்ததல்ல, இடத்தைப் பார்த்து வைத்தது” என்று பதில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எல்லையில் தடுக்கி விழுபவன் இடத்தை எண்ணி விழுவதில்லை, தன் சாப்பாட்டை எண்ணித்தான் விழுகிறான்.

இதே காலத்தில் கனடா நாடு தன் ஒரு சென்ட் நாணயத்தைக் கைவிட்டது. ஒரு சென்ட்டை அடிக்க 1.6 சென்ட் செலவாயிற்று. 2012 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்து, 2013 பிப்ரவரி 4 முதல் விநியோகத்தை நிறுத்தினார்கள். ரொக்கமாகக் கொடுக்கும்போது மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து சென்ட்டுக்கு முழுமையாக்குவது. காசோலையிலும் கார்டிலும் சென்ட் கணக்கு அப்படியே இருக்கும். வீட்டிலுள்ள பழைய நாணயங்களை வங்கியில் கொடுத்து மாற்றிக் கொள்ளலாம். நம் நாட்டிலும் 25 பைசாவையும் அதற்குக் கீழ்ப்பட்டவற்றையும் 2011 ஜூன் 30 முதல் விலக்கியபோது, அதற்கு முன்பே வங்கிகளில் மாற்றிக் கொள்ள அவகாசம் தந்தார்கள். அற்பக் காசுக்கும் ஒரு வாசல் திறந்து வைத்தார்கள் என்பதைப் பாருங்கள். பிட்காயினிலோ தூசைக் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றிக் கொள்ள ஒரு வங்கி இல்லை, ஒரு கவுண்டர் இல்லை. அது யாருக்கும் சொந்தமில்லாத அமைப்பு என்பதே அதன் பெருமை. முறையிட ஆளில்லை என்பதும் அதே பெருமையின் மறுபக்கம்.

உண்மையில் 546 என்ற எழுதப்பட்ட எல்லையைவிட, எழுதப்படாத எல்லைதான் ஏழையை வாட்டுகிறது. அது கட்டணம். 2017 டிசம்பரில் ஒரு பரிவர்த்தனைக்குச் சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டியது. 2024 ஏப்ரல் 20 அன்று 100 டாலரையும் தாண்டியது. அன்றைக்குத் தம் பையில் 60 டாலர் பெறுமான பிட்காயின் வைத்திருந்தவருடைய பணம், பெயருக்குப் பணமே தவிர உபயோகத்துக்கு அன்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் சில்லறை வேலைகள் செய்து, இருபது தடவையாக 5,000, 5,000 சடோஷியாகச் சேர்த்தார் என்று வைத்துக் கொள்வோம். அவருடைய பணப்பைச் செயலி ‘இருப்பு 1,00,000 சடோஷி’ என்று காட்டும். பிட்காயின் ஒரு லட்சம் டாலர் விற்கும் நாளில் அது 100 டாலர். பழைய முறைச் சீட்டுகளாயின், இருபதையும் உடைக்க 2,960 பைட். பைட்டுக்கு 50 சடோஷி கட்டணமுள்ள நாளில் 1,48,000 சடோஷி வேண்டும். கையிருப்பு ஒரு லட்சம். அதை எடுக்கச் செலவு ஒன்றரை லட்சத்துக்கு அருகில்! கட்டணம் பைட்டுக்கு ஒரு சடோஷி என்று இறங்கிய நாளில் அதே வேலை மூன்று டாலருக்கும் குறைவாக முடிந்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் இந்த வித்தியாசத்தை அந்தச் செயலி அவருக்குச் சொல்லிற்றா? ‘இருப்பு’ என்று அது எழுதிக் காட்டிய சொல்லை நம்பித்தானே அவர் இரவில் நிம்மதியாகப் படுத்தார்?

பொருளில் குறையிருந்தால் வாங்குபவனிடம் சொல்லிவிட வேண்டும் என்பது வியாபாரத்தில் நமக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடம். நனைந்த தானியத்தை உள்ளே வைத்து, உலர்ந்ததை மேலே பரப்பியவர் கண்டிக்கப்பட்ட ஹதீஸை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். செலவழிக்க இயலாத சீட்டுகளைக் கூட்டி ஒரே தொகையாகக் காட்டுவது, சட்டப்படி மோசடியாகாமல் இருக்கலாம். சாக்கின் மேற்பரப்பை மட்டும் காட்டுவதற்கு அது வெகு தூரத்தில் இல்லை. கணினிக்காரர் மீது நாம் சுமத்தாத குற்றத்தைச் செயலி செய்பவர் மீது சுமத்துவோம். முன்னவர் தன் சுமையை மறுக்கிறார். பின்னவர் அடுத்தவனின் நஷ்டத்தை மறைக்கிறார்.

மீதிச் சில்லறையின் விஷயமும் இப்படியே. சீட்டை உடைத்துக் கொடுத்தபின் உங்களுக்குத் திரும்ப வேண்டிய மீதி 546-க்குக் குறைவாக வந்தால், அதற்குத் தனிச் சீட்டு எழுத முடியாது. பெரும்பாலான செயலிகள் அதைக் கட்டணத்தோடு சேர்த்துவிடும். அதாவது மைனருக்குப் போய்விடும். கடைக்காரர் சில்லறைக்குப் பதில் மிட்டாயை நீட்டுவதுண்டே, இங்கே அந்த மிட்டாயும் கிடையாது. வழக்கத்தில் மனம் ஒப்பி விட்டுக் கொடுக்கிற அற்பத்தை எடுத்துக் கொள்வதில் மார்க்கத்தில் இடமிருக்கிறது. வழியில் கண்டெடுத்த ஓர் அற்பப் பொருளை, பெரும் பொருளைப் போல் ஓராண்டு அறிவித்துத் திரிய வேண்டியதில்லை என்றுதான் நம் இமாம்கள் சொல்லியிருக்கிறார்கள். ஏன்? உடையவன் அதைத் தேடமாட்டான் என்று பொதுவாகத் தெரிவதனால். அற்பம் என்று தீர்மானிப்பது உடையவனின் மனமேயன்றி எடுப்பவனின் கை அன்று. ஆகவே செயலி ஒரு வரி கேட்டால் போதும்: ‘மீதி இவ்வளவு, கட்டணத்தில் சேர்க்கட்டுமா?’ அவர் சரி என்று ஒரு விரலை வைத்துவிட்டால் அந்தக் காசு ஹலால்.

வேலி போட்டதனால் குப்பை நின்றதா என்றால், அதுவும் முழுதாக நிற்கவில்லை. 2023 முதல் பிட்காயின் சீட்டுகளின் மேல் படங்களையும் வேறு வில்லைகளையும் ஏற்றி விற்கும் மோகம் ஒன்று பரவிற்று. ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு சீட்டு வேண்டும். தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் போதும். அவர்கள் என்ன செய்தார்கள்? சரியாக 546 சடோஷி வைத்தார்கள், அல்லது புதுமுறையில் 330 வைத்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் உலகச் சீட்டுப் பட்டியல் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. குப்பையைத் தடுக்க வைத்த எண், குப்பையின் அளவுகோலாக மாறிற்று! கையில் காசுள்ளவன் வேலியின் உயரத்தை அளந்து அதற்கு ஓர் அங்குலம் மேலே தாண்டிப் போகிறான். அளக்கத் தெரியாத ஏழை மோதிக் கொள்கிறான். இதைச் சொல்வதனால் வேலியே வேண்டாம் என்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். வேலி இல்லாதிருந்தால் ஒரு சடோஷிக்கே அவர்கள் எழுதியிருப்பார்கள். சுமை இன்னும் மலிவாக ஏறியிருக்கும்.

தூசை அனுப்பி உளவு பார்க்கும் வேலையும் உண்டு. 2018-லும் 2019-லும் இது பெரிதாகப் பேசப்பட்டது. முகமறியாத ஒருவர் ஆயிரக்கணக்கான முகவரிகளுக்கு அற்பத் தொகையை அனுப்புகிறார். பெற்றவர், வந்ததை வரவென்று எண்ணி, தம் மற்றச் சீட்டுகளோடு சேர்த்துச் செலவழித்துவிட்டால், அந்தச் சீட்டுகளெல்லாம் ஒரே ஆளுடையவை என்று அனுப்பியவருக்கு விளங்கிவிடும். கேளாமல் வந்த அன்பளிப்பு, உண்மையில் வீட்டுக்குள் எறிந்த மணி கட்டிய கயிறு. எல்லை இருப்பதனால் இந்த வேலைக்கு அனுப்புபவர் சீட்டு ஒன்றுக்கு 546-ஆவது செலவிட வேண்டியிருக்கிறது. அது ஒரு சிறு தடை.

சிறு தொகைகளுக்கென்றே மின்னல் என்று பொருள்படும் லைட்னிங் என்ற துணை வலையமைப்பு ஒன்றைக் கட்டினார்கள். இருவர் தமக்குள் ஒரு பொதுச் சீட்டை வைத்துக் கொண்டு, கணக்கேட்டில் எழுதாமலே எத்தனை முறையும் கொடுத்து வாங்கிக் கொள்ளலாம். ஒரு சடோஷியும் போகும். இதனால் பல கஷ்டங்கள் நீங்கின என்பதை ஒப்புக் கொள்ள வேண்டும். ஆயினும் தூசு அங்கேயும் தொடர்கிறது. தூசு எல்லைக்குக் குறைந்த ஒரு தொகை வழியில் போய்க் கொண்டிருக்கும்போது இருவரில் ஒருவர் கணக்கை முடித்துவிட்டால், அந்தத் தொகைக்குத் தனிச் சீட்டு எழுத முடியாமல், அது மைனரின் கட்டணத்தில் சேர்ந்துவிடும். பெரிய தொகைக்கு அங்கே கணிதத்தின் காவல். சிறிய தொகைக்கு அடுத்தவரின் நாணயம்தான் காவல்.

எல்லையையே எடுத்துவிடலாமா என்று 2021-ல் மென்பொருள் எழுதுவோரிடையே ஒரு விவாதம் எழுந்தது. பிறர் எந்தத் தொகைக்குச் சீட்டு எழுதுகிறார்கள் என்பது நம் கவலையன்று, கட்டணம் கட்டுகிறவர் எதை வேண்டுமானாலும் எழுதட்டும் என்றனர் ஒரு சாரார். கட்டணம் ஒருமுறை, சுமை என்றென்றைக்கும் என்றனர் மறு சாரார். எல்லை நீடித்தது. பிறகு 2025-ல், கடத்துவதற்கான குறைந்தபட்சக் கட்டணத்தைப் பைட்டுக்கு ஒரு சடோஷியிலிருந்து அதில் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் புதிய பதிப்பை வெளியிட்டார்கள். 2014-ல் கட்டணத்தோடு எல்லையும் சேர்ந்து இறங்கியது போல இப்போதும் இறங்கியிருந்தால், 546 என்பது 55-க்கு அருகில் வந்திருக்கும். ஆனால் எல்லையில் கை வைக்கவில்லை. 546 அப்படியே இருக்கிறது. இன்றைய மலிவு நாளை இருக்குமென்று உறுதியில்லை, எழுதிய சீட்டோ நாளையும் இருக்கும் என்பது இதற்குச் சொல்லத்தக்க நியாயம். அதை நாம் ஏற்கிறோம். ஆனால் விகிதத்தைக் காட்டி வைத்த எண்ணை, விகிதம் மாறிய பின்னும் அதே காரணத்தைச் சொல்லிக் காக்க முடியாது. இப்போது அது பட்டியலின் பாரத்துக்காக நிற்கும் எண் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகளில் வெளிநாட்டில் இருப்போர் சிலரிடம் இத்தகைய சில்லறைச் சீட்டுகள் தங்கியிருக்கக் கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டணம் மிகக் குறைந்திருக்கும் நாளாகப் பார்த்து, சிறு சீட்டுகளை உங்கள் பெயருக்கே ஒரே சீட்டாக எழுதிக் கொள்ளுங்கள். புதுமுறை முகவரிக்கு எழுதினால் அடுத்த முறை உடைக்கும் செலவு பாதிக்கும் கீழே வரும். அப்படிச் சேர்க்கும்போது, யார் அனுப்பினார் என்று தெரியாமல் வந்து கிடக்கும் அற்பத் தொகை ஏதும் இருந்தால், அதை மட்டும் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். அதற்குரிய வசதி பல செயலிகளில் இருக்கிறது.